கிரேன் ஓட்டிய அம்மாவின் பாட்டு

நான் ஆவடித் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். சோவியத் நாடு இருந்த காலத்தில், இயந்திரப் பயிற்சிக்கென்று எங்களில் சிலரை அங்கே ஓர் ஆலை நகரத்துக்கு அனுப்பினார்கள். என்னோடு வந்தவர் ஒரு வெல்டர், ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகைக்காரர். மூத்தவர் என்பதால் அண்ணாத்தே என்பேன். ஊரில் சாவு வீடுகளில் கானா பாடுவார். கிளம்புமுன் சொல்லிக்கொடுத்த ரஷ்ய மொழி எனக்கு ஒட்டிக்கொண்டது, அவருக்கு ஒட்டவில்லை.

ஆலைக்கென்றே ஒரு கலைமன்றம் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் தொழிலாளர்கள் கூடிப் பாடுவார்கள். மெட்டெல்லாம் பழைய கிராமத்து மெட்டு. வார்த்தைகள் மட்டும் டிராக்டர், எஃகு, கட்சி என்று மாறியிருக்கும். மே தினத்துக்கு எங்களையும் பாடச் சொன்னார் மன்றப் பொறுப்பாளர். பாட்டு எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம்.

"இன்னா பாட்டுன்னு கேக்குறாரு அண்ணாத்தே."

"எனுக்குத் தெரிஞ்சது சாவுப் பாட்டு தாம்பா. அத்தையே சொல்லிடு."

சொன்னேன். பொறுப்பாளர் பேனாவைக் கடித்தபடி யோசித்தார். பிறகு 'உழைப்பாளர் பாட்டு' என்று எழுதிக்கொண்டார்.

விழாவில் அண்ணாத்தே மர நாற்காலியில் தாளம் தட்டிப் பாடினார். நல்ல கைதட்டல். எங்கள் ஷெட்டில் கிரேன் ஓட்டும் அம்மா மட்டும் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் சாயங்காலம், உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் ஒரு சாடியோடு எங்கள் விடுதிச் சமையலறைக்கு வந்தார்.

"செத்தது யார்?" என்று கேட்டார்.

அது எல்லாச் சாவுக்கும் பாடுவது என்று விளக்கினேன். தன் அண்ணன் போரில் இறந்தபோது தன்னைப் பெற்றவள் பாடிய பாட்டு ஒன்று தனக்குத் தெரியும், மன்றத்தில் ஒப்பாரிக்கு இடமில்லை என்றார். அடுப்போரம் நின்றபடியே பாடத் தொடங்கினார். அண்ணாத்தே மேசைமேல் விரலால் தாளம் தேடிப் பார்த்தார். பிடிபடவில்லை, விட்டுவிட்டார்.

நிமிர்ந்தால் வாசலில் பொறுப்பாளர். பாட்டு நின்றது.

"போச்சுடா, ஊருக்கு அனுப்பப் போறாங்கோ" என்று முணுமுணுத்தார் அண்ணாத்தே.

பொறுப்பாளர் நேரே போய் ஜன்னலைச் சாத்தினார். "தெருவரைக்கும் கேட்கிறது" என்றார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா முதலிலிருந்து பாடினார்.

"இன்னாபா, அவரும் கண்ண தொடச்சிக்கிறாரு" என்றார் அண்ணாத்தே, என் காதோரம்.

அடுத்த ஒத்திகையில் அந்த அம்மா முன்வரிசையில் நின்று டிராக்டர் பாட்டை உரக்கப் பாடினார். பொறுப்பாளர் கையசைத்துப் பாட வைத்தார். இருவருமே எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அண்ணாத்தேக்கு அதில் வருத்தம். எனக்கோ, சமையலறையில் நடந்தது வெளியே தெரியவில்லை என்று அவர்களுக்காக நிம்மதியாக இருந்தது.