கரையான் மேல் போட்ட பழி

அப்பா பொந்தியான் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். வேலை முடிந்து வந்தால், பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடியுரிமை அற்றவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கிடந்த தோட்டத்து மக்களுக்குக் குடியுரிமை மனு எழுதுவார். மனுவோடு அவர்கள் கொண்டுவரும் அத்தாட்சிகளின் நகலைத்தான் அனுப்புவார். "அசல் எங்கிட்டயே இருக்கட்டும், வீட்டுல வச்சா மழையில நனஞ்சிடும்" என்று வாங்கி பிஸ்கட் டின்களில் பூட்டி வைப்பார். அவர்களும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவர் காலமான பிறகு வீட்டைக் காலி செய்தது நான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட வேண்டுமென்று பிடிவாதம். பொன்னாடைகள், கேடயங்கள், அப்பா மாலையோடு நிற்கிற படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக ஸ்கூடாயில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டின்களைத் திறந்தால் யார் யாரோ பெயர், யார் யாரோ கைநாட்டு. ஊரான் குப்பை நமக்கெதுக்கு என்று பழைய பேப்பர் லாரியில் நானே தூக்கிப் போட்டேன். பொறுப்பான பிள்ளை என்ற நினைப்பு வேறு!

சில மாதம் கழித்து, சமூகத் தொண்டர்களின் ஆவணங்களைச் சேகரிக்கும் ஒரு பெண் வந்தார். பெருமையாகப் பொன்னாடைகளைப் பரப்பினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், ஜனங்க கொடுத்த கடுதாசி, மனு ஏதாச்சும் இருக்கா? அதான் எங்களுக்கு முக்கியம்" என்றார். "கரையான் தின்னுடுச்சிம்மா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

அடுத்த வாரமே, பொந்தியானிலிருந்து ஓர் அக்கா பஸ் மாறி வந்து வாசலில் நின்றார். அறுபதைத் தாண்டியும் கையில் சிவப்பு அட்டைதான். அவர் இந்த மண்ணில் பிறந்ததற்கு ஒரே அத்தாட்சி, தோட்டத்து மானேஜர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம்.

"தம்பி, மனுவ மறுபடி பாக்குறாங்களாம். அசல கேக்குறாங்க. ஐயாகிட்டதான் குடுத்தேன்."

அவரிடமும் கரையானையே சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "ஐயோ, அதுக்கு நீ என்னா பண்ணுவ தம்பி? ஐயா இருந்திருந்தா துடிச்சிப் போயிருப்பாரு" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை, பாவி நான்.

அசல் எப்படி அழிந்தது என்று குடியுரிமை அலுவலகத்தில் அக்காவிடம் சத்தியக் கடிதம் கேட்டார்கள். காரில் கூட்டிப்போனதும் நான்தான், கரையான் தின்றதாக மலாயில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். பெரிய உபகாரி! பொய்ச் சத்தியம் என்று தெரிந்தால் அக்காவின் மனு அதோடு முடிந்தது. எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது.

சத்தியம் வாங்கும் அதிகாரி படித்துக்காட்டி, "பெத்துல், ஆன்ட்டி?" என்று கேட்டார். உண்மைதானா என்று.

"பெத்துல்" என்றார் அக்கா. கேட்காமலே என்னைக் காட்டி, தமக்குத் தெரிந்த மலாயில், இவர் எங்கள் கிராணி ஐயாவின் மகன், இவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அக்கா தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்திட்டார்.

குடிமக்களுக்கான நீல அட்டை இன்னும் வரவில்லை. மாதாமாதம் அக்கா போன் பண்ணுகிறார். "வந்ததும் மொதல்ல உனக்குத்தான் காட்டுவேன் தம்பி" என்கிறார்.