இரண்டு மைக் போடும் பெட்டி

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றி இவ்வளவு படிக்கிற ஆள் ஓசூரிலேயே நான் ஒருவன்தான் என்பாள் என் மனைவி. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, இது போகும், இது போகாது என்று பிரித்து வைக்கிறவன் வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுவானா என்ன? எங்கள் பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவது என்று முடிவானதும் எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது.

அது ஒன்றும் மலை போன்ற சாதனம் இல்லை. மைக்கில் விழும் குரலை வாங்கி கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதில்தான் எத்தனை வகை. இரைச்சல் இல்லாதது, பாடுவதற்கும் அது காதில் திரும்பக் கேட்பதற்கும் இடையே தாமதம் இல்லாதது, நல்ல மைக்குக்குக் கரண்ட் கொடுப்பது என்று வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. ஒரு மைக் போடும் பெட்டியா, இரண்டு மைக் போடும் பெட்டியா?

ஒன்று போதும் என்றாள் அவள். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா எப்பங்க இருக்கறோம்? நீங்க பாடி வெச்சிட்டுப் போங்க. நான் வந்து அதுமேல பாடிக்கறேன். ரெண்டாவது மைக்க புடிக்கப் பக்கத்து வூட்டுக்காரரா வருவாரு?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் செல்போன் பாகம் பொருத்தும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். அவள் வீட்டு ஆட்கள் குருபரப்பள்ளிப் பக்கம் விவசாயம் பார்க்கிறார்கள். தக்காளியை வயலில் விட்டுவிட்டு ஓசூருக்கு வந்து எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராலும் ஆகாது. என் ஆட்கள் விருதுநகரில். அதனால் மகள் பிறந்ததும் நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவளுக்குக் காலை ஷிப்ட் என்றால் எனக்கு மதியம். எனக்குக் காலை என்றால் அவளுக்கு மதியம். இரண்டு கம்பெனியிலும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஏற்பாடு அது. கிடைத்த அன்று ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டோம். பிள்ளையை யாரிடமும் விட வேண்டாம் என்ற சந்தோஷத்தில் மற்றது எதுவும் உறைக்கவில்லை.

அவளுக்குக் காலை ஷிப்ட் உள்ள வாரத்தில், அவளை இறக்கிவிடும் பஸ்ஸுக்கும் என்னை ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு டீ குடிக்கிற நேரம் கிடைக்கும். அடுத்த வாரம் அதுவும் கிடையாது. நான் வந்து பூட்டைத் திறக்கும்போது மகள் இன்னும் பள்ளியிலிருந்து வந்திருக்க மாட்டாள், மனைவி போய் வெகு நேரமாகியிருக்கும். எனக்கு ஞாயிறு லீவு. அவள் கம்பெனி ஞாயிறும் ஓடும். அவளுடைய விடுமுறை எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் விழும். தப்பித் தவறி இரண்டும் ஒரே நாளில் வந்தால் அன்றைக்குத் துணி துவைப்பது இருக்கும், ஒரு காதுகுத்து இருக்கும், இல்லையென்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும்.

ஆனால் நாங்கள் பதிவு செய்ய நினைத்த பாட்டு இரண்டு பேர் இல்லாமல் நடக்காத பாட்டு. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு ஓசூர் திரும்புகிற வழியில் பைக்கிலேயே உருவானது. நான் ஒரு வரி கேட்பேன், பின்னாலிருந்து அவள் பதில் வரி பாடுவாள். 'வீடு இன்னும் எத்தனை தூரம்?' என்று நான் ஆரம்பித்தேன். யோசிக்கவே இல்லை, 'பேசிக்கிட்டே போனா பக்கந்தான்' என்றாள். கண்டெய்னர் லாரி கடக்கும்போது நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து எடுப்போம். நான் பாடுவதைக் காற்று அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவள் பாடுவது என் ஹெல்மெட்டுக்குள் பாதிதான் வரும். அந்தப் பாட்டில் அவள் குரலை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. ஒரே ஒருமுறை, பக்கத்தில் பக்கத்தில் நின்று, அதைப் பாடிக் கேட்டுவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். ஆசை என்று சொல்வதுகூடக் குறைவு. ஏக்கம்.

பெங்களூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடைக்காரர் கன்னடக்காரர். ஓசூரிலிருந்து வருகிறேன் என்றதும் தமிழுக்கு மாறினார். நான் இரைச்சலைப் பற்றியும் தாமதத்தைப் பற்றியும் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இப்ப எல்லாத்துலயும் சென்னாகே, நல்லாவே இருக்கு சார். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒரே டைம்ல எத்தன பேரு பாடறது?"

மனைவியிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். போன் கம்பெனியில் வேலை செய்கிறவளுக்கு வேலை நேரத்தில் போன் கிடையாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மகள் கண்ணாடி அலமாரியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு கிதார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரு" என்றேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது, பொய் சொன்ன மாதிரி.

பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கம்பளியைத் தொங்கவிட்டதுதான் எங்கள் ஸ்டுடியோ. பெட்டியை மேஜையில் வைத்து இரண்டு மைக்கையும் சொருகினேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகுகளைச் சுற்றியும் ஒவ்வொரு வளையம் உண்டு. குரல் விழுந்தால் பச்சையாக எரியும். அவள் பார்த்தாள். எதற்கு இரண்டு என்று கேட்கவில்லை. "அழகா இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

முதலில் அவள் சொன்ன வழியில்தான் செய்து பார்த்தோம். நான் என் வரிகளைப் பாடி வைப்பேன். நான் வேலைக்குப் போனபின் அவள் தன் வரிகளைப் பாடி வைப்பாள். வந்து கேட்டால் அவள் குரலோடு வீடும் வந்திருக்கும். குக்கர் விசில், தண்ணீர் கேட்கும் மகள், "இரு, அம்மா பாடிட்டு வர்றேன்" என்ற அதட்டல். ஹெட்போனில் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. நேரில் அவ்வளவு பக்கத்தில் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பாட்டை விட்டுவிட்டு அந்த மூச்சையே திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறேன்.

ஆனால் பாட்டு ஒட்டவில்லை. அவள் வரி என் வரிக்கு முன்னாலேயே வந்து நிற்கும், அல்லது நான் முடித்து வெகு நேரம் கழித்து வரும். காதுக்குள் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் ஒன்று உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே பாடினால் சரியாகிவிடும் என்றேன். ஒரு நாள் பாடிப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"அங்கயும் டக்கு டக்குன்னு லைன் ஓடுது. இங்க வந்தும் டக்கு டக்குன்னு கேக்கணுமா? இது எனக்கு ஆவாதுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பைக்கில் எங்களுக்கு யார் கிளிக் போட்டார்கள்? என் முதுகு எப்போது மூச்சு வாங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த டீ குடிக்கிற நேரத்தில் பாடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கு அவளுக்குக் காலை ஷிப்ட். மகள் பள்ளியில் இருந்தாள். நான் யூனிஃபார்ம் போட்டு, பூட்ஸ் மாட்டி, பதிவையும் ஓடவிட்டுத் தயாராக நின்றேன். அவள் கழுத்தில் ஐ.டி. கார்டோடு உள்ளே வந்தாள். இரண்டு மைக்கையும் என்னையும் பார்த்துவிட்டுப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆரம்பிங்க."

வீடு இன்னும் எத்தனை தூரம் என்று பாடினேன். ஒரு வளையம் பச்சையானது. அவள் பதில் பாடினாள், அடுத்த வளையமும் பச்சையானது. பக்கத்தில் நின்று கேட்டால் இப்படித்தான் இருக்குமா இந்தக் குரல் என்று நினைத்தேன். அடுத்த வரியை எடுத்து, அவளும் பதில் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அந்த டிரைவர் இரண்டாவது ஹாரன் அடிக்கிற ஆள் இல்லை.

"வாரேன்" என்றேன்.

"போயிட்டு வாங்க. ஓடாதீங்க" என்றாள்.

ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பதிவை நிறுத்தாமல் வந்தது ஞாபகம் வந்தது. இரவு வந்தபோது இருவரும் தூங்கியிருந்தார்கள். காலையில் நான் எழுந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து, பாடிய இரண்டு வரியாவது தேறுமா என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

எங்கள் வரிகள் இருந்தன. ஹாரன் இருந்தது. நான் சொன்ன "வாரேன்" இருந்தது, படியில் என் பூட்ஸ் சத்தம் இருந்தது. பிறகு அவள் பையை இறக்கி வைக்கும் சத்தம். நிறுத்தப் போகிறாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

ஒன்றும் பாடாமல் நின்றாள். பிறகு ஒரு வரி பாடினாள். மறுபடி நின்றாள். மறுபடி ஒரு வரி. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நின்றதெல்லாம் என் வரிகள். ஒவ்வொன்றுக்கும் அது எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் காத்திருந்து, தன் பதிலைப் பாடியிருந்தாள். கிளிக் இல்லை, எதுவும் இல்லை. அளக்கிற வேலை பார்க்கும் என்னால் அதில் ஒரு இடத்தில்கூடக் குறை சொல்ல முடியவில்லை. நான் இல்லாத என் மைக்கிலும் அவள் குரல் தூரத்தில் விழுந்திருந்தது, ஹெல்மெட்டுக்குள் வருகிற மாதிரி. கடைசி வரி வரை பாடி, அவளே நிறுத்திச் சேமித்து வைத்திருந்தாள்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். அவள் விட்டுவைத்த இடங்களில் என் வரிகளைப் பாடினால் பாட்டு முடிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டேன். என் முறை வந்தது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. தெருவில் யாரோ கேட்டைச் சாத்துவது கேட்டது. அவள் எனக்காக நிற்பது கேட்டது. என்னால் அதன் மேல் பாட முடியவில்லை. பாட்டு முடியும்வரை வாயைத் திறக்காமல் அவள் காத்திருப்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அவள் வந்தபோது நான் வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்க எடமெல்லாம் பாடிட்டீங்களா?"

"இல்ல. நீ இருக்கும்போது பாடுறேன்."

ஹாரன் அடித்தது. டிபன் பாக்ஸை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அப்ப அந்த ரெண்டாவது மைக்கக் கழட்டி வெச்சிராதீங்க" என்றாள்.

இன்னும் கழற்றவில்லை.