கயிறு தடுக்கியது என்று எழுதிக் கொடுத்தேன்

யூலை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வார்ட்டில் நோயாளிகளைப் பற்றிய பேச்சுக் குறைந்துவிடும். தேநீர் நேரத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: ஹொலிடேக்கு எங்கே போகிறாய்? இங்கிலாந்துக்கு நேர்ஸ் வேலைக்கு வந்து பதின்மூன்று வருடமாகியும் எனக்கு இந்தக் கேள்வி பழகவில்லை. ஊரில் நாங்கள் கலியாணத்துக்குப் போவோம், செத்தவீட்டுக்குப் போவோம், கோயில் திருவிழாவுக்குப் போவோம். ஒரு வேலையும் செய்யாமல் மணலில் படுத்துக் கிடப்பதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களை இங்கே வந்துதான் பார்த்தேன். போன கிழமை ஜேனட் என்கிற நேர்ஸ் வழவழப்பான ஒரு விளம்பரப் புத்தகத்தை என் மடியில் விரித்து வைத்தாள். உன்னுடைய நாடு, பார் என்றாள். நீலக்கடல், வெள்ளை மணல், சரிந்து நிற்கும் ஒரு தென்னை. கீழே, மனிதக் காலடி படாத கடற்கரை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது திருகோணமலைக்கு வடக்கே, சாம்பல்தீவுப் பக்கத்துக் கரை. என் தகப்பனும் அவருடைய தகப்பனும் கரைவலை இழுத்த இடம். அவர்களுடைய கால்கள் மனிதக் கால்கள் இல்லைப் போலும்.

"இந்த ஹொட்டேலில் தங்கியிருக்கிறாயா?" என்று ஜேனட் கேட்டாள்.

"ஓம், தங்கியிருக்கிறேன். அதற்குப் பின்னால்தான் பிறந்தேன்" என்றேன்.

"எவ்வளவு அதிர்ஷ்டசாலி நீ" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அவள் நல்லவள். அவளோடு கோபிக்க எனக்கு ஒரு நியாயமும் இல்லை. அந்தப் படத்தில் ஒரு மீன்பிடி வள்ளம்கூட இல்லாததற்கு அவள் காரணமில்லை. ஒரு பங்கு காரணம் நான்.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை இது. என் மகள் மாலினிக்கு அப்போது எட்டு வயது. மாமன் வீட்டை அவள் கண்டதேயில்லை. ஊருக்குப் போகத் தீர்மானித்ததும் சின்னண்ணன் கடிதம் எழுதினார், முன்னறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, அண்ணி புதுப் பாய் வாங்கி வைத்திருக்கிறாள் என்று. என் கணவர் அதை வாசித்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரும் வெளிக் கக்கூசும் பிள்ளைக்கு ஒத்துவராது, ஹொட்டேலில் இருப்போம், அண்ணன் வீட்டுக்குத் தினமும் போய் வரலாம் என்றார். நான் அவரோடு சண்டை பிடித்தேன். ஆனால் பெரிதாகப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், வாளியில் தண்ணீர் அள்ளிய காலம் என்னோடு முடிந்தது என்று எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நல்ல தங்கச்சியாக நின்றேன்.

ஹொட்டேலுக்கு முன்னால் இருந்த கரைதான் எங்கள் பாடு. பாடு என்றால் வலை வளைக்கிற உரிமையுள்ள இடம். அங்கே வேறொருவர் வலை போட முடியாது, எங்களாலும் வேறோரிடத்தில் போட முடியாது. வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு வரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நீளக் கயிறுகளைக் கரைக்கு இழுப்பார்கள். எங்கள் பக்கத்துக் கடல் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும்தான் அடங்கிக் கிடக்கும். அந்த மாதங்கள் மீன்பிடிக்கிறவனுக்கும் வேண்டும், வெயில் காய வருகிற வெள்ளைக்காரனுக்கும் வேண்டும். பிரச்சினை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

வந்த முதல்நாளே மாலினி மணலில் ஓடி, இழுத்துக் கிடந்த கயிற்றில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் சின்னச் சிராய்ப்பு. நான் கழுவி மருந்து போட்டேன். அவள் அழக்கூட இல்லை. அன்று பின்னேரம் வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒரு படிவத்தைத் தந்து, ஏதாவது குறை இருந்தால் எழுதுங்கள் மடம் என்றாள். நான் பேனையை எடுத்து எழுதினேன்: கரையின் குறுக்கே கிடந்த மீன்பிடிக் கயிறு தடுக்கிப் பிள்ளைக்குக் காயம். நேரம், இடம், காயத்தின் அளவு, செய்த சிகிச்சை எல்லாம் எழுதி, முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

அது சின்னண்ணனின் கரைவலைக் கயிறு, எங்கள் கயிறு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் கட்டிலிலிருந்து வழுக்கினாலும் உடனே படிவம் நிரப்ப வேண்டும். விழுந்தால் எழுது, எழுதாவிட்டால் உன் தலை போகும். எழுதியதை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள், அது அலுமாரிக்குள் போய்த் தூங்கும். அந்தப் பழக்கம் என் கைக்குள் ஊறிக் கிடந்தது. ஊரில் ஒரு கடதாசி எங்கே போகும், யார் கையில் ஆயுதமாகும் என்பதை மறக்கிற அளவுக்கு நான் வெளிநாட்டுக்காரி ஆகியிருந்தேன்.

மூன்றாம்நாள் சின்னண்ணன் எங்களைப் பார்க்க வந்தார். வழக்கம்போலக் கடற்கரையால்தான் வந்தார். மூதூரிலிருந்து வேலைக்கு வந்திருந்த காவலாளி அவரைத் தடுத்தான். அண்ணனை அவனுக்கு நன்றாகத் தெரியும். "கோவிக்காதீங்க அண்ணன், உள்ள விட்டா என்ட வேல போயிரும்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். நான் ஓடிப்போய் மனேஜரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் கொழும்புக்காரர், தேன் ஒழுகப் பேசுகிறவர். மடம் விருந்தாளி, உங்கள் அண்ணன் விருந்தாளி இல்லையே என்றார்.

"நீ போய்க் கதிரையிலை இருந்து தேத்தண்ணியைக் குடி. எனக்கு இதிலை நிண்டு கதைக்கிறது பழக்கம்தானே" என்றார் சின்னண்ணன். அவருக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்குக் கூடுதல் கோபத்தைத் தந்தது. தான் வலை காயப்போட்ட மண்ணில், ஹொட்டேல்காரர் எல்லைக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடி ஒரு செய்தி சொன்னார். பாட்டை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி ஹொட்டேல்காரர் மனுக் கொடுத்திருக்கிறார்களாம். அடுத்த கிழமை விசாரணையாம். இங்கிலீசில் கேள்வி கேட்பார்கள், எனக்குப் பதில் சொல்ல ஏலாது, நீ வருவியோ என்று கேட்டார்.

வராமல் என்ன? நான் பட்டுச்சேலை உடுத்து, கைப்பையைக் கொழுவிக்கொண்டு போனேன். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு தமிழ் அதிகாரி இருந்தார். நான் வாயைத் திறந்தவுடன் இங்கிலீசு கொட்டியது. பரம்பரை உரிமை என்றேன், இருபத்திரண்டு குடும்பங்களின் சோறு என்றேன், இங்கிலாந்தில் இப்படிச் செய்தால் பத்திரிகையில் வரும் என்றேன். சின்னண்ணன் வாங்குப் பலகையில் இருந்து என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கடை பேர் என்ன சொன்னனீங்கள்?" என்றார். சொன்னேன். கோவையைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "இது உங்கடை கையெழுத்தோ?"

என் கையெழுத்துத்தான். ஆஸ்பத்திரியில் பழகிய அழகான, தெளிவான எழுத்து. ஜேர்மன்காரரும் ஆங்கிலேயரும் எழுதிய முறைப்பாடுகளுக்கு மேலே அதைத்தான் வைத்திருந்தார்கள். அந்த ஊர்த் தமிழ்ப் பெண் ஒருத்தியே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றால் வேறென்ன சாட்சி வேண்டும்? வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் மேய்ந்ததுமல்லாமல், மேய்ந்த நேரத்தையும் குறித்துக் கொடுத்திருந்தேன்.

"மகளுக்கு இப்ப சுகமோ?" என்று அதிகாரி கேட்டார். நக்கலா, உண்மையான விசாரிப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது. அதற்குப் பிறகு என் இங்கிலீசு வரவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நானே சின்னண்ணனுக்குச் சொன்னேன். ஏசுவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். ஓங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பிள்ளை விழுந்ததை எனக்கேன் சொல்லேல்லை?" என்றுதான் கேட்டார். "சொல்லியிருந்தா கயித்தைத் தள்ளி எடுக்கச் சொல்லியிருப்பன். எனக்குச் சொல்ல வாயில்லாமல் கடதாசிக்குச் சொன்னனியோ?"

மனேஜர்மேல் எனக்கு ஆத்திரம், காலடி படாத கரை என்று எழுதியவன்மேல் ஆத்திரம், கக்கூசுக்காக ஹொட்டேல் தேடிய என் கணவர்மேல் ஆத்திரம். ஆனால் இவர்களையெல்லாம் திட்டி முடித்த பிறகும் அந்தத் தாளில் இருப்பது என் பெயர்தான். என் தாள் இல்லாவிட்டாலும் பாட்டைப் பறித்திருப்பார்கள் என்று என் கணவர் சொல்லுவார். பறித்திருக்கலாம். அப்போது பறித்தவன் வேற்றான் என்றாவது இருந்திருக்கும்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. வடக்கே தள்ளிப் பாறை கிடக்கிற ஓர் இடத்தைக் காட்டினார்கள். அங்கே வலை போட்டால் மீனைவிடக் கிழிசல்தான் கூடுதலாக வரும். பழைய பாட்டில் கடைசி வலை இழுத்த அன்று காலையில் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். சின்னவயதில் பிடித்த அதே பக்கம்தான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஹொட்டேலிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு வந்து என் பின்னால் சேர்ந்து இழுத்தார்கள். ஒருத்தி எங்கள் எல்லோரையும் படம் எடுத்தாள். உள்ளங்கை உரிந்து எரிந்தது. அந்த எரிச்சல் எனக்கு வேண்டியிருந்தது.

வலையின் மடியில் நிறைய மீன் இல்லை. கீரிமீனும் கொஞ்சம் பாரைக்குட்டியும். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வழிப்போக்கனாக இருந்தாலும் கயிற்றில் கை வைத்தவனைக் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். வீட்டுக்காரருக்கு அப்படிக் கொடுப்பதில்லை. வீட்டு மீன் கூடையோடு நேரே அண்ணியின் குசினிக்குப் போகும், நாங்களும் அதன் பின்னாலேயே போவோம். சின்னண்ணன் வெள்ளைக்காரர் இருவருக்கும் ஓலையில் சுற்றிக் கொடுத்தார். அவர்கள் தேங்க்யூ சொன்னார்கள். நான் கூடைக்குப் பக்கத்தில், தூக்குவதற்குக் குனிந்தபடி நின்றேன். அவர் இன்னோர் ஓலையை எடுத்தார். நல்ல பாரைகளாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து, மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடவே வைத்துச் சுற்றி, என் கையில் தந்தார்.

"கயிறு பிடிச்சனீங்கள். கறிக்கு வைச்சிருங்கோ" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னை நீ என்றே கூப்பிட்டவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். வெளிமீனை ஹொட்டேல் குசினிக்குள் எடுக்கமாட்டார்கள். ஓலைக்குள்ளிருந்து ஒழுகிய தண்ணீர் சேலையை நனைக்க, எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் அந்த மணலில் நின்றேன்.