மேடத்துக்கு டீ வேண்டாமாம்

"இன்னைலருந்து ஒரு கிளாஸ் கொறச்சிருங்க பாய். மேடத்துக்கு டீ வேண்டாமாம்" என்றார் ஸ்டேஷன் ரைட்டர். டீத் தூக்கைப் பிடித்தபடி உள்ளறையைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரம்மா தலை நிமிர்ந்தார். வேண்டாமென்று அவர் சொல்லவேயில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வெளியே ஏற்காட்டுக் கடைவீதியைப் பனி விழுங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளக்கடைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கூலிவேலை பார்த்த ஓர் இளைஞன் செத்துக் கிடந்தான். செடிகளுக்கு மேலே நிற்கும் நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்துவிட்டானென்று, இன்ஸ்பெக்டரம்மா விடுப்பில் இருந்த நேரம் பார்த்து, ஸ்டேஷனில் முடித்துவிட்டார்கள். வந்ததும் அவர் தனியாகப் போய்ப் பார்த்தார். "செடியில காப்பிப் பழம் செவந்து நிக்குது பாய். ஒரு கொப்பு ஒடியல. பழம் பறிக்கிற மாசத்துல எவனாச்சும் அதும்மேல கிளைய வெட்டித் தள்ளுவானா?" அவர் கொல்லிமலைக்காரர். மலையில் பிறந்த யாரும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய சகாக்கள் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

செத்தவன் மேல் ஏறியது எஸ்டேட் முதலாளி மகனின் ஜீப். அதை மறைக்க ஸ்டேஷனில் யார் யார் காசுக்குக் கை நீட்டினார்கள் என்பதையும் அம்மா தோண்டத் தொடங்கினார். அன்றைக்கு நின்றதுதான் அந்த டீ.

அதன்பின் என் கடையிலேயே நின்று குடிப்பார். "நான் வந்தா உங்க யாவாரம் கெட்டுருமே பாய்?" "ஓடுனாத்தானுங்க மேடம் கெடறதுக்கு!" சிரிப்பார். பிறகு என் மாடியறைக்கு ஏறிப்போவார். வாடகைக்கு இருந்தார். மேலே பேச்சிருக்காது; அங்குமிங்கும் நடக்கும் காலடி மட்டும். தனிமைக்கு எடை உண்டென்பதை என் கடைக் கூரைதான் எனக்குச் சொன்னது.

முதலாளி மகன் கைதானான். ஸ்டேஷனில் இருவருக்கு வேலை போனது. அம்மாவுக்கு மாற்றல் வந்தது. மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு மாலை போட்டுக் கூட்டமாய்ப் படம் எடுப்பது ஸ்டேஷன் வழக்கம். அன்று பஸ் நிலையத்தில் நானும் அவர் பெட்டியும்தான் நின்றோம். பஸ் கிளம்பும் நேரத்தில் இறந்தவனின் மனைவி யாருடைய வண்டியிலோ வந்திறங்கினாள்.

"ஏனுங்க மேடம், சேலம் வரைக்கும் நானும் வாரனுங்க."

"அங்க உனக்கென்ன வேல கண்ணு?"

"வேல ஒண்ணுமில்லீங்க. ஒண்டியாப் போறீங்களே."

சேலத்தில் வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் அந்தப் பெண் முதல் பஸ்ஸில் இறங்கிப் போகிறாள். அம்மாவும் எந்த ஊரிலிருந்தாவது வந்துவிடுவாராம். பெயர் கூப்பிடும்வரை கோர்ட்டு வேப்பமரத்தடி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்பார்களாம். "என்ன பேசுவீங்க?" என்று போன வாரம் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"பேச என்னங்க இருக்குது? பக்கத்துல உக்காந்திருப்பமுங்க" என்றாள்.