ஆட்டம் நின்ற நாற்பது நிமிடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு செப்டெம்பர் ஞாயிற்றுக்கிழமை, மெல்பேர்னில் கிரான்பர்ன் பக்கத்துக் கவுன்சில் மைதானம் ஒன்றில் நடந்தது இது. இலங்கையில் எங்கள் ஊர்க் கல்லூரிகளின், அதாவது பள்ளிக்கூடங்களின், பழைய மாணவர்கள் வருடாவருடம் அங்கே உதைபந்தாட்டப் போட்டி வைப்பார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான போட்டி என்பதால் ஓடுகிறவர்களைவிட நின்று மூச்சு வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் எனக்கு அது திருவிழா மாதிரி. நான் மன்னார்க் கரையில் பிறந்தவள். மூன்று அண்ணன்மார், மூவரும் பந்து அடித்தவர்கள். அவர்கள் படித்த கத்தோலிக்கக் கல்லூரியின் அணிதான் எனக்கும் அணி. அது ஆண்கள் கல்லூரி, நான் அங்கே ஒருநாளும் படித்ததில்லை. ஆனால் எல்லைக்கோட்டில் நின்று கத்துவதற்கு என்னை விட்டால் அந்த அணிக்கு வேறு ஆளில்லை.

அந்தப் போட்டியில் எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஆட்டம் சும்மா சும்மா நிற்கும். ஒரு பாதிக்கு இருபது நிமிடம் என்பது சட்டம். நடைமுறையில் ஓர் ஆட்டம் முடிய ஒன்றரை மணி நேரமாகும். பிரதம விருந்தினர் பிந்தி வருவார். வந்ததும், ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தை நிறுத்தி எல்லோருக்கும் கை கொடுப்பார். பிறகு காசு கொடுத்து அனுசரணை தந்தவரோடு ஒரு படம். வாசலை மறித்து நிற்கிற வெள்ளைக் காரை எடுக்கும்படி ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அந்தக் கார் கோல் காப்பாளருடையது என்று தெரியவரும். அவர் போய் எடுத்துவிட்டு, வருகிற வழியில் ஒரு ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டு வரும்வரை மற்ற இருபத்தொரு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் பஸ் ஓட்டுகிறவள். மூன்று நிமிடம் பிந்தினால் தரிப்பிடத்தில் நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வையே போதும், அன்றைய நாள் கெட்டது. அதனால் அதற்கு முந்தைய வருடம் பொறுக்க மாட்டாமல் போட்டிக் குழுவுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அவர்கள் கெட்டிக்காரர்கள். "அக்கா, அப்ப நீங்களே நேரத்தைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அப்படித்தான் அந்த ஞாயிறு கையில் நேரக் கடிகாரத்தோடு குழு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அன்று எல்லாம் நேரப்படி நடந்தது. பிரதம விருந்தினரை ஆட்டம் முடியும்வரை கதிரையில் இருத்தி வைத்தேன். அவர் முகம் போன போக்கை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். இறுதியாட்டத்துக்கு எங்கள் கல்லூரியும் யாழ்ப்பாணப் பக்கத்து இந்துக் கல்லூரி ஒன்றும் வந்தன. ஐந்து மணிக்குக் கவுன்சில் ஆள் வந்து வாசல் கதவைப் பூட்டிவிடுவார் என்பதால் நேரம் முக்கியம்.

இரண்டாம் பாதியில் இந்துக் கல்லூரிக்காரர் ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்கினார்கள். ஒல்லியான மனிதர், காதோரம் நரை, நாற்பத்திரண்டு வயது இருக்கும். என் மேசைக்கு முன்னால்தான் மைதானத்துக்குள் போனார். போகும்போது குனிந்து புல்லைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு திரும்பி, "அக்கா, எவ்வளவு நேரம் கிடக்கு?" என்றார். பேச்சு எங்கள் கரைப் பேச்சு. ஊரில் வலை இழுக்கிறவர்கள் பேசுகிற அதே இழுவை. பதினைந்து நிமிடம் என்றேன். அந்தப் பதினைந்தில் முதல் ஆறு நிமிடத்துக்குள் இடது காலால் இரண்டு கோல் போட்டுவிட்டார்.

எனக்குள் கணக்கு ஓடியது. எங்கள் கரை ஆள், கத்தோலிக்கர், இந்துக் கல்லூரிக்கு எப்படிப் பழைய மாணவர் ஆனார்? வெல்வதற்காக வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்குவது எங்கள் போட்டிகளில் புதிதில்லை. எங்கள் அணியின் மனேஜர் பக்கத்தில்தான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவரைக் கூப்பிட்டு, "அந்த ஆள் எங்கட பக்கம். சிலுவை போட்டதைக் கண்டனான். அவர் எப்பிடி அங்க படிச்சவர்?" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர் அடுத்த நிமிடமே ஆட்சேபம் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் நின்றது. அவர் வெளியாள் என்று முடிவானால் இரண்டு கோலும் செல்லாது, ஆட்டம் மறுபடி சமன், கிண்ணம் எங்களுக்கு வரலாம். உண்மையைச் சொல்கிறேன், ஆட்டம் நின்றதில் எனக்கு ஆத்திரம் வராதது என் வாழ்க்கையில் அன்று மட்டும்தான்.

சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்க எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கல்லூரியை விடும்போது தந்த விடுகைப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் எல்லோருக்கும் முன்னால் கல்லூரிக் கீதத்தைப் பாட வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பகிடியாகவே முடியும். வயிறு வைத்த மனிதர்கள் தொண்டை அடைக்கப் பாடுவார்கள், சனம் கைதட்டும், ஆட்டம் தொடரும்.

அவரை மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பத்திரம் இல்லை. "அப்ப கீதத்தைப் பாடுங்கோ தம்பி, முதல் ரெண்டு வரி காணும்" என்றார் குழுத் தலைவர். அவர், பாட்டுத் தெரியாது என்றார். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அவருடைய அணித் தலைவர் பாய்ந்து வந்து, இவர் எங்கள் ஆள்தான் என்றார். ஆனால் அவரே மெல்பேர்னுக்கு வந்த பிறகுதான் இவரைச் சந்தித்தவர். சாட்சி சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்தில் விசில் அடித்தார்கள். யாரோ "கள்ளன்" என்று கத்தினார்கள். அந்தச் சொல் கேட்டதும் அவருடைய பெண்சாதி, எல்லைக்கோட்டில் நின்றவர், சேர்ட்டைப் பிடித்து இழுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி நின்றார்.

அவர் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில், சண்டைக் காலத்தில் எந்த மாதம், எந்த ஊரிலிருந்து, எந்தப் பாதையால் இடம்பெயர்ந்து வந்தார் என்று வரிசையாகச் சொன்னார். பல தடவை சொல்லிப் பழகியவர் சொல்கிற மாதிரி இருந்தது. "இடம்பெயர்ந்து வந்த பிள்ளையளுக்குப் பின்னேரம்தான் வகுப்பு. பத்து மாதம் படிச்சனான். கீதம் பாடுற காலைக் கூட்டம் எங்களுக்கு இல்லை. அதால பாட்டை ஒருதரும் சொல்லித் தரேல்லை."

குழுத் தலைவர் சின்ன வயதிலேயே ஊரை விட்டு வந்தவர், நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு இது விளங்கவில்லை. பத்து மாதம் படித்தால் பழைய மாணவரா, இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் அவரே மேற்சட்டையைக் கழற்றத் தொடங்கினார். "பரவாயில்லை, நான் வெளியில நிக்கிறன். நீங்கள் விளையாடுங்கோ, நேரம் போகுது."

கையிலிருந்த நேரக் கடிகாரத்தை மேசையில் வைத்தேன். பின்னேர வகுப்பு என்று அவர் சொன்னபோதே உள்ளே ஏதோ அசைந்தது. நான்தான் அதை அமுக்கிவிட்டேன். பத்து வயதில் நானும் இடம்பெயர்ந்து போய், எங்களுக்குச் சொந்தமில்லாத ஓர் இந்துப் பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பில் இருந்தவள்தான். வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம், ஆனால் அதே கதை. எங்களிடம் அவர்கள் ஒரு கடதாசியும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பூசைப் பொங்கலில் எங்களுக்கும் பங்கு எடுத்து வைத்திருப்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் கீதம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. இதையெல்லாம் என் பிள்ளைகளுக்குக்கூட நான் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள்தான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒருவரைப் பாடச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

எழும்பினேன். "அவர் சொல்றது உண்மை. பின்னேரப் பிள்ளையளுக்குக் காலைக் கூட்டம் இல்லை. காலை வகுப்புக்காரர் கரும்பலகையில எழுதினதை அழிக்க விடமாட்டினம். மூலையில கிடக்கிற இடத்திலதான் எங்களுக்கு எழுதிப் படிப்பிச்சவை. நானும் அப்பிடிப் படிச்சனான்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "காலைப் பிள்ளையள் வெளிக்கிடுமட்டும் மதிலோட நிப்பம்" என்றார். "ஓம், வெயிலுக்க" என்றேன். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த பெண்மணி எண்ணெய்க் கையைத் துடைத்தபடி, தானும் பின்னேர வகுப்புத்தான் என்றார். எங்கள் அணியின் கோல் காப்பாளர் தானும்தான் என்பதுபோல் கையுறை போட்ட கையை உயர்த்தினார்.

ஆட்சேபத்தைத் திருப்பி எடுக்கும்படி மனேஜரிடம் சொன்னேன். அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். ஓம், நான்தான் சொன்னேன், பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நானும் எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன். இருநூறு பேருக்கு முன்னால் அதைச் சொல்வது லேசாக இருக்கவில்லை.

அதற்குள் கவுன்சில் ஆள் சாவிக்கொத்தோடு வந்துவிட்டார். சனம் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்து யாருக்கும் அடிபட்டதா என்று கேட்டார். இல்லை, இன்னும் ஒன்பது நிமிடம் மட்டும் தாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் வாகனத்தின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார்.

நாங்கள் ஒரு கோல் போட்டோம், இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றோம். கைகொடுக்கிற நேரத்தில் எங்கள் பையன்கள் முதலில் அவரிடம்தான் போனார்கள். "கள்ளன்" என்று கத்தியவரும் அந்த வரிசையில் இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்து மேசையை மடிக்கும்போது அவர் வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார். "அக்கா, இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து அகதி விசாரணை எண்டு எத்தினையோ மேசைக்கு முன்னால இருந்து இந்தக் கதையைச் சொல்லிப்போட்டன். மேசைக்கு அந்தப் பக்கத்தில இருந்து ஒராள் எழும்பி, ஓம் உண்மை எண்டு சொன்னது இண்டைக்குத்தான்." சொல்லிவிட்டு மேசையின் மற்றப் பக்கத்தைப் பிடித்து, வாகனம்வரை என்னோடு தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கிழமையே குழுவுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், இந்த முறை அரைப் பக்கம்தான். ஆட்சேபம் இருந்தால் ஆட்டத்துக்கு முன் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டுப் பாடச் சொல்லக் கூடாது. எந்த நேர வகுப்பில் ஒருநாள் இருந்திருந்தாலும் அவர் பழைய மாணவர்தான். மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். போன வருடம் வெவ்வேறு அணிகளில் ஐந்தாறு புது முகங்கள் ஆடின. இத்தனை வருடமும் தங்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று எண்ணி வீட்டில் இருந்தவர்களாம். பிரதம விருந்தினர்கள் இன்னும் பிந்தித்தான் வருகிறார்கள், நானும் இன்னும் சத்தம் போடுகிறேன். ஆனால் ஒரு மனிதர் தான் எங்கிருந்து வந்தேன் என்று சொல்லத் தொடங்கினால், சொல்லி முடிக்கும்வரை எந்த ஆட்டமும் நிற்கட்டும் என்று இப்போது காத்திருக்கிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் நானும் எங்கோ ஒரு மதிலோரம் நின்றிருக்கக்கூடும்.