பவர் இல்லாத கண்ணாடி

எங்கள் பிரிவில் அவரை எல்லோரும் கண்ணாடி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்பு ஃபிரேம் போட்ட பெரிய கண்ணாடி. ஒன்று மூக்கின் மேல் இருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருப்பார். மாதத்தில் பாதி நாள் மறந்துவிடுவார். தலையையாவது மறக்காமல் கொண்டுவந்தீர்களே என்று நானே கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் பிரிவு. அதற்கு மேற்பார்வையாளர் நான். ஆபரேஷனுக்குப் போன கருவிகள் ரத்தக் கறையோடு இறங்கி வரும். அவற்றைக் கழுவி, துடைத்து, ட்ரேயில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவி மெஷினுக்குள் தள்ளி, மறுபடி மேலே அனுப்ப வேண்டும். அந்த வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்தொன்பது வருடம் முன்பு தரை துடைக்க வந்தவர், மற்றவர்கள் அடுக்குவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். வயிற்று ஆபரேஷன் ட்ரேயில் நாற்பத்திரண்டு சாமான், ஒன்று குறையாது. கத்தரியின் முனை லேசாக மழுங்கியிருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவார். இரண்டு முறை பதவி உயர்வு தேடி வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டார். பொறுப்பைக் கண்டு பயப்படுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஒவ்வொரு ட்ரேக்கும் ஒரு லிஸ்ட், அதைப் பார்த்து டிக் போட வேண்டும் என்று விதி வந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. லிஸ்ட் மாறாத வரை தொல்லை இல்லை. மாறினால் அவர் பழையபடியே அடுக்கிவிட்டு, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அனுப்பிவிடுவார். முதல் தடவை மெமோ கொடுத்தேன். இரண்டாவது தடவையும் கொடுத்தேன். மூன்றாவது தடவை, டாக்டர் கையை நீட்டிய நேரத்தில் புது வகை ஃபோர்செப்ஸ் இடுக்கி ட்ரேயில் இல்லை. பக்கத்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சமாளித்தார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்றாவது மெமோ என்றால் வேலை போய்விடும். எனக்கோ மூக்கின் மேல் கோபம். தியேட்டரிலிருந்து போன் வந்த அரை மணி நேரத்தில் மெமோவை டைப் செய்துவிட்டு அவரை அறைக்குக் கூப்பிட்டேன்.

கொடுப்பதற்கு முன் ஒரு முறை படித்துவிடலாம் என்று என் கண்ணாடியைத் தேடினால், அது நாற்காலியில் இருந்தது. அதன் மேல் நான் இருந்தேன். வேறு ஒரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். அவருடையதைக் கேட்டுக் கையை நீட்டினேன். தயங்கித் தயங்கிக் கழற்றிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்தும் பெரிதாகவில்லை. கழற்றிப் பார்த்தேன், அதே மங்கல். வெறும் ஜன்னல் கண்ணாடி.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கடைக்காரன் இவரை ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். காகிதத்தை அவர் பக்கம் தள்ளி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"கண்ணாடி உங்ககிட்ட இருக்கே மேடம்," என்றார்.

பல வருடப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது. முகம் வெளுத்துப்போனது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரு வார்த்தையைப் பிடிப்பதற்குள் முந்தைய வார்த்தை கையை விட்டுப் போய்விடுமாம். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வைத்து, ஐந்தாம் வகுப்போடு அனுப்பிவிட்டார்கள். தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாக வருவது, ஆள் இல்லாத நேரத்தில் நோட்டீஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான். 'கண்ணாடியை மறந்துட்டேன்' என்று சொல்வதற்காகவே ஒரு கண்ணாடி வாங்கியிருக்கிறார் மனுஷன்.

"வேலை போனாலும் எப்படியாவது பொழச்சுக்குவேன் மேடம். என் பொண்ணுக்கு மட்டும் தெரியக்கூடாது."

மகள் கல்லூரியில் முதல் வருடம். அவள் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து, அவள் படிக்க உட்காரும்போதெல்லாம் இவரும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தித்தாளை விரித்து எதிரே உட்காருவாராம். அப்பாவும் படிக்கிறவர் என்று அவள் நினைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

மெமோவைக் கிழித்துப் போட்டேன். மேலதிகாரியிடம் போய், அந்தத் தவறில் பாதி என்னுடையது, மாற்றத்தை வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் காகிதத்தை மட்டும் நீட்டினேன் என்று ஒப்புக்கொண்டேன். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களைச் சோதித்துப் பார்க்கும் பெண் நிபுணர் ஒருவர் வந்தார். படிக்கச் சொன்னார், கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், பிறகு ஒரு மணி நேரம் மேஜைப் பக்கத்தில் நின்று கண்ணாடி அண்ணன் அடுக்குவதையே பார்த்தார். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் மட்டும் பிறவியிலேயே வரும் சிரமம் என்றார். கண்ணில் குறை இல்லை, அறிவிலும் இல்லை. பார்த்ததை நினைவில் வைப்பதில் இவர் பலரைவிடக் கெட்டிக்காரர் என்றார்.

"அப்ப நான் மக்கு இல்லீங்களா?" என்று கேட்டார்.

இல்லவே இல்லை என்று அந்த அம்மா சொன்னார். அவர் மறுபடி கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். அந்த அம்மா மூன்று முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

நிபுணர் சொன்னபடி, லிஸ்ட்டில் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் படம் வைத்தோம். முந்நூற்றுச் சொச்சம் படம். எடுத்தது நான், இடுப்பு ஒடிந்ததும் எனக்குத்தான். மாற்றம் வந்தால் அந்த வரிக்கு மஞ்சள் பூசி, காலையில் எல்லோரையும் நிற்கவைத்து வாயாலும் சொல்கிறேன். நோட்டீஸைப் படித்துக் காட்ட அவர் போனில் ஒரு வசதி இருக்கிறது. ஊழியர்களுக்கான வருடாந்தரத் தேர்வில் கேள்விகளை ஒருவர் வாசிப்பார், நேரமும் கூடுதல். படம் போட்ட லிஸ்ட்டை இப்போது எல்லோருமே பயன்படுத்துகிறார்கள். தியேட்டரிலிருந்து எனக்குத் திட்டு விழுந்து நாளாகிவிட்டது.

நிபுணரின் அறிக்கை நான்கு பக்கம். நான் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மகள் படிக்கட்டும், அவளிடம் எத்தனை நாள் நடிப்பது என்று உறையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் கண்ணாடி இல்லாமல் வந்தார். மறந்துவிட்டீர்களா என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். இல்லை, இனி வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். மகள் நான்கு பக்கத்தையும் சத்தமாகப் படித்துவிட்டு, மடித்து அவர் கையில் கொடுத்தாளாம்.

"'எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்ப்பா'ன்னா மேடம். 'நீங்க ஒரு நாள்கூட பக்கத்தைத் திருப்பினதே இல்லையே'ன்னா." கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ட்ரேயை இழுத்தார். "தெரிஞ்சும் தினம் என் எதிர்லயே வந்து உக்காந்து படிச்சிருக்கா."