நாலு மில்லிமீற்றர் இடைவெளி

தயாளினியின் மேசையில் மவுஸ் விசைப்பலகைக்குப் பக்கத்தில் இருக்காது. அவளுக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் இருக்கும். ஒரு கைக்கு அதுதான் வசதி. இருபத்தொரு வயதில் ஓர் அரிசி ஆலையின் பெல்ட் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. துணியோடு வலது கையும் முழங்கைக்கு மேலிருந்தே போயிற்று. இப்போது அவளுக்கு நாற்பது வயது. வன்னியில் வட்டக்கச்சிப் பக்கத்தில், விவசாயிகளின் கமக்கார அமைப்பு ஒன்றின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. இடது கையின் ஐந்து விரல்களும் ஓடுகிற வேகத்தைப் புதிதாக வருகிறவர்கள் சற்று நேரம் பார்ப்பார்கள். பிறகு, பார்த்தது தெரிந்துவிட்டதே என்று பேச்சை மாற்றுவார்கள்.

தகப்பன் மாயாண்டி எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரு தகரப் பெட்டியோடு வன்னிக்கு வந்தவர். வாய்க்கால் முடிகிற இடத்தில் குடியேறினார். வாய்க்காலின் தலைப்பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருந்தன. தயாளினி வீட்டில் "வந்துட்டேன்" என்பாள்; அலுவலகத்தில் "வந்திட்டன்" என்பாள். இரண்டுமே அவளுடைய பேச்சுத்தான்.

அலுவலகத்துக் கணினி பழசு. அதைத் திருத்த வந்த ஒருவர், இலவசமாகக் கிடைக்கும் வேறொரு மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனார். அதில், திரையில் திறக்கும் யன்னல்களை இழுத்து இழுத்து வைக்கத் தேவையில்லை. ஒன்றைத் திறந்தால் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதைத் திறந்தால், தரையில் ஓடு பதித்தது போல இரண்டும் தாமாகவே பாதி பாதியாக அமர்ந்துவிடும். தயாளினிக்கு இது பெரிய உதவியாக இருந்தது. ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மென்பொருளின் அமைப்புகளை வரிவரியாக வாசித்தாள். மவுஸின் அம்பு எந்த யன்னலின் மேல் நிற்கிறதோ அந்த யன்னலுக்கே எழுத்துப் போகவேண்டும் என்று ஒரு விதியையும் அவளே எழுதி வைத்தாள். கிளிக் செய்யும் வேலை மிச்சம்.

மேல் யன்னலில் தட்டச்சு, கீழ் யன்னலில் அடிக்கவேண்டிய கையெழுத்துக் கொப்பிப் பக்கத்தின் படம். மடியில் கொப்பியை வைத்து எழுதுவது போன்ற ஒழுங்கு. இரண்டு யன்னல்களுக்கும் நடுவே நீல நிறத்தில் ஒரு கீற்றுத் தெரியும். நாலு மில்லிமீற்றர் இருக்கும். நாலு வருடமாக அது அங்கே இருந்தது. இரண்டு வயல்களுக்கு நடுவே வரம்பு இருப்பது போல என்று நினைத்து அவள் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. கோடைக்கால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு எல்லா நிலத்துக்கும் தண்ணீர் விட முடியாது. பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும் பங்கு. செயலாளர் மயில்வாகனம் வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களைக் கொப்பியில் எழுதினார். தயாளினி அதைத் தட்டச்சிட்டாள். தொடர் இலக்கங்களைக் கணினியே போட்டது; வெற்று வரி வந்தால் அதுவே நீக்கிவிடும். மயில்வாகனம் கையெழுத்து வைத்தார். திங்கட்கிழமை காலையில் பட்டியல் சுவரில் ஏறியது.

பத்து மணிக்குப் பேச்சியம்மா வந்தாள். வாய்க்கால் கடைசியில் ஓர் ஏக்கர் வைத்திருக்கும் விதவை. தயாளினி வீட்டுக்கு மூன்றாம் வீடு. பட்டியலை விரலால் தடவித் தடவி இரண்டு தரம் வாசித்தாள். அவளுடைய பெயர் இல்லை. இன்னும் இரண்டு பெயர்களும் இல்லை. மூன்றும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள்.

"ஐயா, எங்க ஆளுங்க மூணு பேரையும் பாத்துப் பாத்து வெட்டியிருக்கீங்களே. கண்ணாடி போட்டுக்கிட்டு வெட்டுனீங்களா, போடாமலா?"

"நான் ஒருத்தரையும் வெட்டேல்லை, பேச்சியம்மா. கொப்பியிலை இருக்கு. இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ."

பேச்சியம்மா பார்த்தாள். கூட வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மூன்று பெயர்களும் இருந்தன. ஆனால் மூன்றும் மூன்று பக்கங்களின் முதல் வரியில் இருந்தன.

"ஆமா, இருக்குது. பக்கத்துக்கு மேல வெள்ள எடம் கெடக்குது. நாங்க வந்து கேப்போம்னு தெரிஞ்சதும் எழுதிச் சேக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

மயில்வாகனம் கொப்பியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். காட்டக்கூடிய ஒரே சாட்சி அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. சனிக்கிழமை கூட்டத்தில் அவரைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

எல்லோரும் போன பிறகு தயாளினி எழுந்து அவருடைய மேசைக்குப் போனாள். "ஐயா, அடிச்சது நான். நீங்கள் என்னை ஒண்டும் கேக்கேல்லையே?"

"கையெழுத்து என்ர. வாசிக்காமல் வைச்சதும் நான்தான்."

"நான் வரி விடமாட்டன் ஐயா. இத்தினை வருசத்திலை ஒருக்காலும் விட்டதில்லை."

"அப்ப மூண்டு வரியும் எழும்பித் தண்ணி குடிக்கப் போனதாக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போ பிள்ளை. போய் வேலையைப் பார்."

பழியை அவள்மேல் போட அவருக்கு ஒரு சொல் போதும். அவர் அதைச் சொல்லவில்லை என்பதுதான் தயாளினியை உறுத்தியது. தன் கையில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது; அதோடு மயில்வாகனம் பெயர் வெட்டும் ஆளில்லை என்பதும் தெரியும். இரண்டும் உண்மையானால் மூன்று வரிகள் எங்கே?

வியாழக்கிழமை முழுப் பட்டியலையும் முதலிலிருந்து மறுபடி அடித்தாள். வழக்கம் போலக் கண் கீழ் யன்னலில். ஆனால் ஒவ்வொரு பெயர் முடிந்ததும் Enter விசையைத் தொடாமல் நின்று மேலே பார்த்தாள். முதலாம் பக்கம் சரி. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எல்லாம் சரி. ஏழாம் பக்கத்துக்குப் படத்தை மாற்றிவிட்டு அம்பை மேலே தள்ளினாள். கை விசைப்பலகைக்குப் போயிற்று. முதற்பெயரை அடித்தாள். பேச்சியம்மாவின் பெயர்.

மேலே எதுவும் இல்லை.

தயாளினி எதையும் தொடாமல் திரையைப் பார்த்தாள். அம்பு மேல் யன்னலிலும் இல்லை, கீழ் யன்னலிலும் இல்லை. நடுவிலிருந்த நீலக் கீற்றில் நின்றது. அம்பு நிற்கும் இடத்துக்கே எழுத்துப் போகும் என்பது அவள் எழுதிய விதி. கீற்றில் எழுத்தை வாங்க ஒருவரும் இல்லை.

Enter விசையை நோக்கி மெதுவாகக் கையை நீட்டினாள். நீட்டும்போது முன்கை, நடுவிலிருந்த மவுஸை ஒரு நெல்மணி அளவு முன்னே தள்ளியது. அம்பு ஏறி மேல் யன்னலுக்குள் புகுந்தது. அடுத்த பெயர் ஒழுங்காக விழுந்தது. அதனால்தான் பக்கத்துக்கு ஒரு வரி, அதுவும் முதல் வரி, அதுவும் எப்போதாவது மட்டும்.

காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் அவளால் எழும்ப முடியவில்லை. அந்தக் கீற்று ஏன் அங்கே இருக்கிறது? அமைப்புகளில் இடைவெளி பூச்சியம் என்று இருந்தது. கரை அளவும் பூச்சியம். படத்தை மட்டும் இரண்டு யன்னல்களில் திறந்தாள், கீற்று இல்லை. தட்டச்சு யன்னலைத் திறந்தாள்; கீற்று வந்தது. எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினாள்.

கீற்று அகன்றது.

இன்னும் கூட்டினாள். கீற்று முற்றாக மறைந்தது. மேலும் கூட்டினாள், திரும்ப வந்தது. தயாளினி ஒரு கடதாசியை எடுத்தாள். திரையில் பாதி உயரம் ஐந்நூற்று நாற்பது பிக்சல். பிக்சல் என்பது திரையை ஆக்கும் மிகச் சிறிய புள்ளி. அவளுடைய எழுத்தளவில் ஒரு வரிக்கு இருபத்தைந்து. இருபத்தொரு வரி வைத்தால் ஐந்நூற்று இருபத்தைந்து. மீதி பதினைந்து. அந்தப் பதினைந்துதான் நீலக் கீற்று. வரிக்கு இருபத்தேழு என்றால் சரியாக இருபது வரி, மீதி இல்லை. நாலாம் வகுப்புக் கணக்கு நாலு வருடமாகக் கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது.

அந்த மென்பொருளின் விளக்கக் குறிப்புகளில் தேடினாள். தட்டச்சு யன்னல் முழு வரிகளாகத்தான் நீளும், சுருங்கும். வேண்டாமென்றால் அதை மாற்றலாம் என்று ஒரு வரி இருந்தது. மாற்றினாள். யன்னல் உடனே கடைசிப் பிக்சல் வரைக்கும் நீண்டு கீற்றை மூடிக்கொண்டது. இப்போது அடியில் இருபத்திரண்டாவது வரி ஒன்று பாதியாகத் தெரிந்தது. யாருடையதோ பெயர். மெய்யெழுத்துகளின் புள்ளிகள் தெரிந்தன. கொம்புகளின் வளைவு தெரிந்தது. கீழே உடம்பு இல்லை. யார் என்று வாசிக்க முடியவில்லை.

மாற்றத்தைத் திரும்ப எடுத்தாள். அரைப் பெயர் போயிற்று. நீலம் வந்தது.

எந்த நாட்டிலோ, எந்தக் காலத்திலோ, முகம் தெரியாத ஒருவர் இதை முதலிலேயே யோசித்திருக்கிறார். தனக்குக் கொடுத்த இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ள யன்னலுக்கு உரிமை உண்டு. ஆனாலும் ஒரு வரியைப் பாதியாகக் காட்டுவதைவிட மிஞ்சிய இடத்தை வெறுமையாக விட்டுவிடு என்று அவர் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார். அது சொன்னபடி விட்டது. அம்பு, தயாளினி தள்ளிய இடத்தில் நின்றது. எழுத்தும் அவள் எழுதிய விதிப்படியே போனது. ஒன்றும் பிழை செய்யவில்லை. ஒன்றும் பிழை செய்யாமலே மூன்று குடும்பங்களுக்குத் தண்ணீர் இல்லை, ஒரு நல்ல மனிதருக்குக் கெட்ட பெயர். இவ்வளவு சரியான பொருள்கள் சேர்ந்து இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்பது அவளுக்கு வியப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மயில்வாகனம் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, மெசின் நிண்டு போச்சோ?"

"இல்லை ஐயா. நல்லா வேலை செய்யுது."

"அப்ப ஏன் இப்பிடி இருக்கிறாய்?"

"அது பிழையே விடேல்லை ஐயா. அதுதான்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் அகராதியை எடுத்து, அமைப்புகளை மறுபடி வாசித்தாள். எழுத்து அம்பைப் பின்தொடரும் விதியில் இன்னொரு வகை இருந்தது: அம்பு வெறும் இடத்துக்குப் போனால், கடைசியாக நின்ற யன்னலிலேயே எழுத்துத் தொடரும். ஒரு சொல்லை மாற்றினால் போதும். கீற்றை மூடவேண்டியதில்லை. ஆனால் அவள் அதை அன்று மாற்றவில்லை. சனிக்கிழமைக்காக அப்படியே வைத்தாள்.

சும்மா இருந்திருந்தால் அவளுக்கு ஒரு கேடும் வந்திராது. கோபம் முழுவதும் மயில்வாகனத்தின் மேல். கோபித்தவர்கள் அவளுடைய சொந்த ஆட்கள். கையைச் சொல்லி வேலைக்கு எடுக்காமல் விட்டவர்கள் பலர் என்பதும், இந்த வேலையை, இந்தக் கதிரையை விட்டால் இன்னொன்று கிடைப்பது கஷ்டம் என்பதும் அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை கூட்டத்தில் முதலாவதாக எழுந்தவள் அவள்தான்.

"பெயர் விட்டது ஐயா இல்லை. நான். வாங்கோ, காட்டுறன்."

அலுவலகம் சின்னது. பேச்சியம்மா பக்கத்துக் கதிரையில், மற்றவர்கள் பின்னால், யன்னலுக்கு வெளியே இன்னும் பத்துப் பேர். தயாளினி அம்பைக் கீற்றில் நிறுத்தினாள்.

"பெரியம்மா, உங்க பேரத்தான் இப்ப அடிக்கிறேன். பாத்துக்கிட்டே இருங்க."

விரல்கள் ஓடின. விசைகள் சத்தமிட்டன. திரையில் ஒன்றுமில்லை. மறுபடியும் அடித்தாள். ஒன்றுமில்லை. பேச்சியம்மா குனிந்து விசைப்பலகைக்கு அடியில் பார்த்தாள்.

"ஏ புள்ள, அடிச்சியே. எங்க போச்சு என் பேரு?"

"எங்கயும் போகல பெரியம்மா. யாருமில்லாத வீட்டு வாசல்ல நின்னு கூப்புட்ட மாதிரி."

பிறகு Enter விசைக்குக் கையை நீட்டினாள். மவுஸ் அசைந்தது, அம்பு ஏறியது. அடுத்த பெயர் பளிச்சென்று விழுந்தது. பேச்சியம்மா நீலக் கீற்றை விரல் நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கோட்டுக்குள்ளயா? என் ஒரு ஏக்கருமா?"

"ஓம்," என்றாள் தயாளினி, எந்தப் பேச்சில் பேசுகிறோம் என்று யோசிக்காமல். "அந்த விதிய வச்சது நான். மேல பாக்காம அடிச்சதும் நான். வேற ஆள் போடுறதுன்னா போடுங்க."

எல்லோரும் மயில்வாகனத்தைப் பார்த்தார்கள். அவர் எவரையும் புகழ்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. திரைக்குக் கிட்ட வந்து கீற்றைப் பார்த்தார்.

"ஆர் இதைச் செய்தவன்?"

"தெரியாது ஐயா. அரைவரி காட்டக்கூடாதெண்டு யோசிச்ச ஒரு ஆள்."

"ம்." கண்ணாடியை நேராக்கிக்கொண்டார். "நான் வாசிக்காமல் கையெழுத்து வைச்சனான். நீ பார்க்காமல் அடிச்சனி. ரெண்டு பேரும் கண்ணை மூடினால் இந்தளவு இடமே போதும். நீ இரு. இனிப் பட்டியல் சுவருக்குப் போக முதல் சனத்துக்கு முன்னால வாசிக்கிறது. இண்டைக்கே தொடங்குவம்."

தயாளினி அந்த ஒரு சொல்லை மாற்றினாள். விடுபட்ட மூன்று பெயர்களையும் அடித்தாள். மயில்வாகனம் கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார்; அவள் திரையில் விரலை வைத்துச் சரி பார்த்தாள்; பெயருக்குரியவர் "இருக்கிறன்" என்றோ "இருக்கேன்" என்றோ குரல் கொடுத்தார். வராதவர்களுக்கு அயல்வீட்டார் சொன்னார்கள். ஏழாம் பக்கம் திரும்பியது.

"பேச்சியம்மா, ஓர் ஏக்கர்."

"இருக்கேன். ஆனா கொப்பியப் பாத்து வாசிச்சா எனக்கு வேணாம். அதுல பாத்து வாசிங்க."

மயில்வாகனம் கொப்பியை மூடினார். தயாளினியின் தோளுக்கு மேலால் குனிந்து, திரையில் அந்த வரியைத் தேடிப் பிடித்து, முதலெழுத்திலிருந்து முழுதாக வாசித்தார்.